மது: சொல்லும் பொருளும் திரையும்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், கடற்கரையூர் ஒன்றின் மக்தபில் நாம் ஓதிக் கொடுத்து வந்த காலம். அஸருக்குப் பின் கூடும் சிறுவர்களுக்கு அன்று தொழுகையின் ஒழுங்குகளை விளக்கிக் கொண்டிருந்தோம். போதையில் இருப்பவர், தாம் சொல்வது இன்னதென்று தமக்கே விளங்கும் நிலை வரும்வரை தொழுகையை நெருங்கலாகாது என்னும் கட்டளை அன்னிஸா அத்தியாயத்தின் 43-ஆம் வசனத்தில் வருகிறது. அது மது முற்றாக விலக்கப்படுவதற்கு முன் அருளப்பெற்ற கட்டளை என்பதையும், பின்னர் வந்த விலக்கு இன்னது என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைத்தோம்.

அப்போது பத்து வயதும் நிரம்பாத சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஹஜ்ரத், எங்க வாப்பாவுக்கு நோய் என்று உம்மா சொல்றாங்க. தெருவில உள்ளவங்க வேறு பெயர் சொல்றாங்க. எந்தப் பெயர் சரி?" என்று கேட்டான்.

வகுப்பில் ஓர் அசைவும் இல்லை. மற்றப் பிள்ளைகள் யாவரும் அறிந்திருந்தனர்; நாமும் அறிந்திருந்தோம். "அது பெரியவர்களின் பேச்சு, நீ உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றோம். அச்சிறுவனின் தந்தையைக் குறித்து ஜமாஅத்தில் பேச்சு எழுந்த போதெல்லாம், "அவருக்கு உடம்புக்குச் சரியில்லை" என்று சொல்லி வந்தவர்களுள் நாமும் ஒருவர்.

அதே வாரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவரின் இல்லத்தில் ஞானப் பாடல்கள் ஓதும் மஜ்லிஸ் நடைபெற்றது. மெய்யறிவை மதுவாகவும், குருநாதரை அதனை வார்ப்பவராகவும் உருவகித்த பாடல்களை அங்கே உள்ளம் உருக ஓதினர். நாமும் உருகினோம். இல்லம் திரும்பும் வழியில் ஓர் எண்ணம் நம்மைத் தைத்தது. பாடலில் மது இல்லை; ஆயினும் அச்சொல்லை வாயார உரைத்தோம். அந்த வீட்டில் மது இருக்கிறது. ஆயினும் அச்சொல்லை வாய்விட்டுச் சொல்ல மறுத்தோம். இவ்விரண்டில் எது நேர்மை? இரண்டுமே நேர்மையாகக் கூடுமோ? அன்று தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரை.

திரையிடும் சொல்

அரபு மொழியில் மதுவுக்கு 'கம்ர்' என்று பெயர். காஃப், மீம், றா என்று நம் பிள்ளைகள் பிழையாக எழுதிவிடுவதுண்டு. அதன் முதலெழுத்து காஃப் அன்று, கா என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். இவ்வேர்ச்சொல்லின் அடிப்படைப் பொருள் மூடுதல், மறைத்தல் என்பதாம். பெண்கள் தலையை மறைக்கும் துணிக்கு 'கிமார்' என்று பெயர். இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த நபிமொழியிலும் இவ்வேரிலிருந்து பிறந்த வினையே வருகிறது. மாவைப் புளிக்க வைக்கும் புளிமாவுக்குக் 'கமீர்' என்று பெயர்.

மதுவுக்கு இப்பெயர் வந்த காரணத்தைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று ஆற்றிய பேருரையில் தெளிவாக்கினார்கள். திராட்சை, பேரீச்சம் பழம், தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகிய ஐந்திலிருந்தும் மது உண்டாக்கப்பட்டு வந்ததை எடுத்துக்காட்டி, அறிவை மூடும் பொருள் எதுவோ அதுவே கம்ர் என்று அவர்கள் இலக்கணம் வகுத்ததைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன.

'ஸுக்ர்' என்பது போதை. இதன் வேருக்கும் அடைத்தல், தடுத்தல் என்னும் பொருள் உண்டு. ஆக, அரபு மொழி மதுவை அதன் சுவையால் அறியவில்லை, நிறத்தாலும் அறியவில்லை. மனிதனுள் அது எதனை மூடுகிறது என்பதைக் கொண்டே அறிந்தது.

'ஷராப்' என்னும் சொல்லின் வரலாறு வேறு. அது பருகப்படும் எதனையும் குறிக்கும் பொதுச்சொல். தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்பட்டு மக்களுக்கு நிவாரணமாகும் தேனையும் திருமறை அச்சொல்லால் சுட்டுகிறது. நபி ஐயூப் (அலை) அவர்களுக்கு அருளப்பெற்ற குளிர்ந்த நீரையும் அவ்வாறே சுட்டுகிறது. பாரசீகத்திலும் உருதுவிலும் வழங்கிய போது அச்சொல் சுருங்கி மதுவை மட்டும் குறிப்பதாயிற்று. அதே வேரில் பிறந்த 'ஷர்பத்' நம் வீடுகளில் நோன்பு திறக்கும் வேளையில் இனிக்கிறது. ஒரே தாயின் இரு மக்கள்: ஒருவர் நோன்பாளியின் விரிப்பில் அமர்ந்தார், மற்றவர் கள்ளுக்கடை வாயிலில் நின்றார். சொற்களுக்கும் சேர்க்கை உண்டு. சேர்ந்த இடத்திற்கேற்பவே அவற்றின் பெயர் கெடுவதும் நிலைப்பதும்.

தமிழ் வழங்கிய பெயர்கள்

தமிழில் இப்பொருளுக்குப் பெயர்கள் பல. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி எனப் பழந்தமிழ் இலக்கியங்கள் வழங்கும் பட்டியல் நீண்டது. இவற்றுள் நறவு என்பது தேனுக்கும் பெயர்; கள்ளுக்கும் பெயர். மது என்னும் வடசொல்லும் அத்தகையதே. மலரில் வண்டு தேடுவதும் மது, மாந்தர் மயங்கக் குடிப்பதும் மது. தேறல் என்பது தெளிந்தது என்னும் பொருளுடையது. அரபியர் மனத்தின் மேல் விழும் திரையை நோக்கிப் பெயரிட்டனர். தமிழர் கலத்தில் தெளிந்து நிற்கும் நீர்மையை நோக்கிப் பெயரிட்டனர். கலத்தில் தெளிவது கருத்தில் கலங்குகிறது என்பதை இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்து நோக்குவோர் உணர்வர்.

தமிழர் இதன் கேட்டினை அறியாதவர் அல்லர். திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அவ்வதிகாரத்தில் கள்ளைக் கடிந்த வள்ளுவரே, காமத்துப்பாலுக்கு வந்ததும், உண்டவர்க்கு மட்டும் மகிழ்ச்சி தரும் நறவைக் கண்டவர்க்கே மகிழ்ச்சி தரும் காதலோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். பொருட்பாலில் கடிந்ததை அவர் மறந்துவிடவில்லை. ஒரு பொருளை உவமையாக எடுத்தல் வேறு, அப்பொருளை உகந்ததாக ஏற்றல் வேறு என்பதை அறிந்தே அவ்வாறு செய்தார். இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக் கொள்ளல் வேண்டும். பின்னர் இது நமக்குத் துணையாகும்.

அண்மைக் காலத்தில் இப்பெயர்கள் அடைந்த மாற்றம் வியப்புக்குரியது. 'ஒயின்' என்பது திராட்சையிலிருந்து வடிக்கும் மதுவுக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர். தமிழ்நாட்டிலோ, பிராந்தியும் விஸ்கியும் ரம்மும் விற்ற கடைகளுக்கெல்லாம் 'ஒயின் ஷாப்' என்று பெயராயிற்று. 2003-ஆம் ஆண்டில் சில்லறை விற்பனையை அரசின் வாணிபக் கழகமே மேற்கொண்ட பின்னர், அக்கழகத்தின் சுருக்கப் பெயராகிய 'டாஸ்மாக்' என்பதே கடைக்கும் பொருளுக்கும் பெயராகி நிற்கிறது. குடிப்பவரோ, 'தண்ணி' என்பர், 'சரக்கு' என்பர், 'மருந்து' என்பர். தண்ணீர் என்பது உயிரைக் காப்பது. சரக்கு என்பது வணிகர் நேர்மையாய் ஈட்டுவது. மருந்து என்பது நோயைத் தீர்ப்பது. நல்ல பெயர்கள் மூன்று. அவை மூன்றும் ஒரு தீயதற்குப் போர்வையாயின.

பெயரா, பொருளா?

தமது சமுதாயத்தாருள் சிலர் மதுவை வேறு பெயரிட்டழைத்து அருந்துவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவிப்புச் செய்ததை அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். மது அருந்துதல் ஒரு குற்றம். பெயரை மாற்றுதல் அதன் மேல் மற்றொன்று. முதற் குற்றம் செய்தவனுக்கு வெட்கம் மிஞ்சியிருக்கிறது. வெட்கம் உள்ளவரை திரும்பி வருவதற்கு வழியும் உள்ளது. இரண்டாவது குற்றமோ அந்த வழியையே அடைத்துவிடுகிறது.

பெயரைப் பற்றி நம் சட்ட மேதைகளிடையேயும் ஓர் ஆழ்ந்த விவாதம் நிகழ்ந்துள்ளது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், கம்ர் என்னும் சொல் மொழி வழக்கில் எதனைக் குறிக்கிறது என்று நுணுகி ஆராய்ந்தார்கள். காய்ச்சப்படாத திராட்சைச் சாறு பொங்கி, முறுகி, நுரை தள்ளிய பின்னரே அதற்கு அப்பெயர் பொருந்தும் என்றும், ஏனைய பானங்களுக்கு வேறு பெயர்கள் உள்ளன என்றும் கொண்டார்கள். ஆகவே பிற பானங்களுள் சிலவற்றில், போதை தராத சிறிய அளவுக்குக் கம்ரின் சட்டம் அப்படியே செல்லாது என்பது அவர்களது கருத்து. போதையுறுதல் எதனால் விளையினும் அது ஹராமே என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. இமாம் ஷாஃபியீ (ரஹ்) முதலானோரோ, போதை தருவது யாவும் கம்ரே என்றும், அதிகம் போதை தருவதில் சிறிதளவும் விலக்கப்பட்டதே என்றும் வகுத்தார்கள். இமாம் அபூஹனீஃபாவின் மாணவராகிய இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களும் இக்கருத்தையே கொண்டார்கள். ஹனஃபீ மத்ஹபின் ஃபத்வாவும் அவர்கள் வழியே அமைந்தது. ஆதலின், நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபியீகளும் உள்நாட்டு ஊர்களின் ஹனஃபீகளும் இன்று இதில் ஒன்றே.

இவ்விவாதத்தைக் கேட்டுவிட்டு, "பெரிய இமாமே இடம் தந்திருக்கிறார்களே" என்று மகிழ்பவர் உண்டு. இமாம் அவர்கள் சொல்லின் எல்லையைத் தேடியது, இறைவனின் கட்டளையில் தம் விருப்பத்தைக் கலந்துவிடக் கூடாதே என்னும் அச்சத்தால். இவர் தேடுவது தம் விருப்பத்துக்கு இறைவனின் கட்டளையில் ஓர் இடுக்கு. ஒரே அகராதியை இருவர் புரட்டலாம். ஒருவர் அஞ்சிப் புரட்டுவார், மற்றவர் ஆசையால் புரட்டுவார்.

அன்று மதீனாவில் நிகழ்ந்ததை நோக்குவோம். விலக்கு வந்த நாளில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் கூடியிருந்தோர்க்கு இளைஞர் அனஸ் (ரலி) அவர்கள் மது வார்த்துக் கொண்டிருந்தார்கள். அறிவிப்பாளரின் குரல் தெருவில் எழுந்தது. போய்க் கொட்டிவிடு என்று ஆணை பிறந்தது. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. அன்று அங்கே திராட்சை மது அரிது என்றும், கொட்டப்பட்டது காய்களும் கனிகளுமான பேரீச்சையில் ஊறியது என்றும் அனஸ் (ரலி) அவர்களே கூறியுள்ளார்கள். 'கம்ர் என்பது திராட்சையதே, எம் கலத்தில் இருப்பது பேரீச்சை' என்று அவர்களுள் ஒருவரும் வழக்காடவில்லை. சொல்லைக் கேட்ட கணமே பொருளை அறிந்தார்கள், கலத்தைக் கவிழ்த்தார்கள்.

யமன் நாட்டில் தேனிலிருந்து செய்யும் 'பித்உ' பற்றியும், வாற்கோதுமையிலிருந்து செய்யும் 'மிஸ்ர்' பற்றியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. பானத்துக்குப் பானம் தனித்தனி விடை பகராமல், போதை தருவது ஒவ்வொன்றும் ஹராம் என்று ஒரே விடையில் அவர்கள் முடித்தார்கள். இவ்விடையின் வலிமை பின்னாளில் விளங்கிற்று. கஞ்சா இலையின் போதை முஸ்லிம் நாடுகளில் பரவிய போது அதற்குத் திருமறையில் தனிப்பெயர் இல்லை. ஆயினும் ஷாஃபியீ மத்ஹபின் அறிஞராகிய ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் அதன் விலக்கை நிறுவித் தனி நூலே இயற்றினார்கள். இன்று நம் இளைஞர்களைச் சூழும் மாத்திரைகளுக்கும் பொடிகளுக்கும் இன்னும் என்ன பெயர்கள் சூட்டப்பட்டாலும் இவ்விடை போதும்.

மூவகைப் பெயர்ச்சி

சொல்லும் பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று பெயர்வதில் மூன்று வகைகளைக் காண்கிறோம்.

முதல் வகை, பொருள் மாற, அதனைத் தொடர்ந்து பெயரும் மாறுதல். மது நாட்பட்டுத் தானே காடியாகிவிடுமாயின், அது தூயதாகிறது; உண்ணவும் ஆகுமானதாகிறது. எதனையும் இட்டுக் காடியாக்கினால் ஷாஃபியீ மத்ஹபில் ஆகாது. ஹனஃபீ மத்ஹபில் ஆகும். இவ்வேறுபாடு ஒருபுறமிருக்க, தானே மாறியதில் இருவரும் உடன்படுகின்றனர். நேற்று அசுத்தமென்று ஒதுக்கப்பட்டது இன்று, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நல்ல குழம்பென்று புகழ்ந்த காடி. இங்கே பெயர் மாறியது நேர்மை. ஏனெனில் உள்ளே மயக்கும் தன்மை மாய்ந்துவிட்டது. மனிதனுக்கும் இதில் நற்செய்தி உண்டு. திருந்தியவனைப் பழைய பெயரால் அழைப்பது, காடியை மதுவென்று கொட்டுவதற்கு ஒப்பாகும்.

இதன் மறுதலையையும் நினைவில் கொள்ளல் வேண்டும். 'நபீத்' என்பது பேரீச்சம் பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ நீரில் இட்டு ஊறவைத்த இனிய பானம். இடுதல், எறிதல் என்னும் பொருளுடைய வேரில் பிறந்த பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அது ஊறவைக்கப்பட்டது, அருந்தினார்கள், மூன்று நாள் எல்லைக்கு மேல் அதனை வைத்து அருந்தவில்லை. பெயர் அதேதான்; ஆனால் பொருள் உள்ளே மாறத் தொடங்குமிடத்தில் அவர்கள் நிறுத்திக் கொண்டார்கள். பெயர் நல்லதாயிருக்கிறதே என்று அமைதி கொள்ளாமல் கலத்துள் நோக்குதல் வேண்டும் என்னும் பாடம் இதில் உள்ளது.

இரண்டாம் வகை, பொருள் அப்படியே இருக்கப் பெயர் மட்டும் மாறுதல். 'தண்ணி'யும் 'மருந்து'ம் இவ்வகை. இது பொய்.

மூன்றாம் வகை, பெயர் அப்படியே இருக்க, அது வேறொரு பொருளின் மேல் ஏற்றப்படுதல். இதனைத் தமிழ் இலக்கணத்தார் ஆகுபெயர் என்றும் உருவகம் என்றும் வகுப்பர். அரபு அணியிலக்கணத்தார் மஜாஸ் என்பர். நபி யூசுஃப் (அலை) அவர்களுடன் சிறையிலிருந்த ஒருவர், தாம் மது பிழிவதாகக் கனவு கண்டதைக் கூறுகிறார். பிழிவது திராட்சையை, அது ஆகப் போவது மதுவாக. பின்னர் ஆகவிருப்பதன் பெயரை முன்னரே இட்டு வழங்குதல் இது என்று மதரஸாவில் நாம் ஓதினோம். மறுமை நாளின் பேரச்சத்தில் மக்கள் போதையுற்றார் போலத் தோன்றுவர், ஆனால் அது போதையன்று என்று அல்ஹஜ் அத்தியாயம் கூறுகிறது. மரண வேளையின் மயக்கத்தைச் சுட்டவும் திருமறை இவ்வேரையே ஆள்கிறது. இவ்வகை, பொய்யன்று, ஏனெனில் கேட்பவர் ஏமாறுவதில்லை.

எவ்வாறு ஏமாறுவதில்லை? அரபு அணியிலக்கணம் இதற்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது. நேர்ப்பொருளைக் கொள்ளவிடாமல் தடுக்கும் ஒரு குறிப்பு அச்சொல்லின் அருகே இருத்தல் வேண்டும். அதற்குக் 'கரீனா' என்று பெயர். கரீனா இருந்தால் அணி; இல்லையேல் ஏமாற்று. இந்த ஒரு திறவுகோலைக் கையில் வைத்துக் கொண்டு ஞானியரின் வாயிலை அணுகுவோம்.

ஞானியர் பாடிய மது

பக்தாதில் வாழ்ந்த அபூநுவாஸும் மதுவைப் பாடினார். 1235-இல் கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஃபாரிளும் (ரஹ்) மதுவைப் பாடினார்கள். முன்னவர் பாடியது கலத்தில் உள்ள மதுவை. அதனை அவர் மறைக்கவுமில்லை. பின்னவரின் மதுப் பாடல், திராட்சைக் கொடி படைக்கப்படுவதற்கு முன்னரே அருந்தப்பட்ட ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. கொடியே இல்லாத காலத்தில் திராட்சை ஏது? சாறு ஏது? இதுவே கரீனா. கவிஞர் வாயிலிலேயே விளக்கேற்றி வைத்துவிட்டார். இருளில் இடறியவர் தம் கண்ணை மூடிக்கொண்டவரே.

உமர் கய்யாமின் நிலை இரங்கத்தக்கது. 1131-இல் மறைந்த அந்தக் கணித மேதையின் பெயரில் வழங்கும் பாடல்களுள் எவை அவருடையவை என்பதே வழக்கில் உள்ளது. 1859-இல் ஃபிட்ஸ்ஜெரால்டு ஆக்கிய ஆங்கிலப் பெயர்ப்பு உலகைச் சுற்றி வந்தது. தமிழில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்களின் இனிய பெயர்ப்பும் தோன்றியது. அப்பாடல்களில் வரும் மது எது என்பதில் அறிஞர் இன்றும் உடன்படவில்லை. கரீனா தெளிவாக இல்லாத இடத்தில் பாடகரின் புகழும் கள்ளுக்கடைக்குப் போய்விடுகிறது.

நம்மவருள் குணங்குடியாரை எண்ணுவோம். சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்ட அப்பெருமகனாரை மக்கள் 'மஸ்தான்' என்று அழைத்தனர். 'மஸ்த்' என்னும் பாரசீகச் சொல்லுக்குப் போதையுற்றவர் என்பதே பொருள். உலகைத் துறந்து தனித்திருந்து தவம் செய்தவருக்கு இப்பெயர்! ஊரார் எவரும் இதனைத் தவறாகக் கொள்ளவில்லை. அவரது வாழ்வே கரீனாவாக நின்றது.

இத்தனை சொற்கள் இருக்க, ஞானியர் விலக்கப்பட்ட ஒன்றின் பெயரை ஏன் தேர்ந்தனர்? நீரென்றும் பாலென்றும் தேனென்றும் பாடியிருக்கலாகாதா? அவர்களுக்கு வேண்டியிருந்தது, 'நான்' என்னும் எண்ணம் கரைந்துபோவதைக் குறிக்க ஒரு சொல். நீர் தாகத்தைத் தீர்க்கும், 'நானை'த் தீர்க்காது. மனிதன் தன்னை மறக்கும் நிலைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு மதுவாக இருந்தது; அதனை எடுத்தாண்டனர். சுவனத்தில் மதுவாறுகள் உண்டு என்றும், அம்மதுவில் கேடும் தலைவலியும் இல்லை என்றும், கஸ்தூரியால் முத்திரையிடப்பட்ட பானம் உண்டு என்றும் திருமறை கூறுவது அவர்களுக்குத் துணை நின்றது. சுவனத்தில் உள்ளவற்றுக்கும் இவ்வுலகில் உள்ளவற்றுக்கும் பெயரளவிலேயே ஒற்றுமை என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியதையும் இங்கே கருதல் வேண்டும். இங்கே அறிவை மூடுவதன் பெயர், அங்கே மூடுதலற்ற ஒன்றுக்கு ஆகிறது.

ஆயினும் இவ்வழியில் வழுக்கல் உண்டு. இத்தகைய பாடல்களால் பாமரர் மயங்குவர் என்று அஞ்சும் உலமாக்களை நாம் குறை கூற மாட்டோம். அவர்களது அச்சம் ஞானவழியினருள்ளேயே எழுந்த அச்சந்தான். பாயஸீது பிஸ்தாமி (ரஹ்) அவர்களின் வழி ஸுக்ர் என்னும் பரவச வழி. ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் வழி 'ஸஹ்வு' என்னும் தெளிவின் வழி. லாகூரில் அடங்கியுள்ள ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள் தமது 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' நூலில் இவ்விரண்டையும் எடை போட்டு, தெளிவே மேலானது என்று முடிவு கூறினார்கள். அந்நூலின் பெயரே திரை அகற்றுதல் என்பதைச் சுட்டும். கம்ர் திரையிடும்; ஞானம் திரை நீக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்பவை.

ஆக, இருவகை மயக்கத்தையும் வேறு பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டும். அது அன்னிஸா அத்தியாயத்தின் அவ்வசனத்திலேயே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. தாம் சொல்வது இன்னதென்று தாம் அறிதல்: இதுவே அவ்வுரைகல். குடித்தவன் தொழுகையினின்று விலக்கப்படுகிறான். மெய்ஞ்ஞானி தொழுகையில் முந்தி நிற்கிறார். குடித்தவன் தன் சொல்லை அறியான். ஞானி தம் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குண்டு என்பதை அறிவார். ஞான மது என்று சொல்லிக் கொண்டு தொழுகையை விட்டவர் எவரோ, அவர் அருந்தியது வேறு மது.

எந்தத் திரை?

இப்போது அச்சிறுவனின் வினாவுக்கு வருவோம். 'உடம்புக்குச் சரியில்லை' என்று நாம் சொன்னது எவ்வகை?

நமக்கு நாமே சொல்லிக் கொண்ட நியாயம் ஒன்றிருந்தது. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறுமையில் மறைப்பான் என்பது நபிமொழி. ஒரு முஸ்லிமின் மானத்தைக் காப்பது கடமை. கிமார் மறைப்பதும் மறைத்தல்தானே? அது போல் அவ்வில்லத்தின் மானத்துக்கு ஒரு முக்காடு இட்டோம் என்று எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தில் உண்மை இல்லாமலில்லை. சந்தையில் நின்று அவரைத் தூற்றியிருந்தால் அது புறமாகவும் அவமதிப்பாகவும் ஆகியிருக்கும்.

ஆயின், ஒரே வேரில் கிமாரும் பிறந்தது, கம்ரும் பிறந்தது. முக்காடு இட்டவர் தாம் மறைத்திருப்பது எதனை என்று அறிவார். பிறர் கண்ணிலிருந்தே மறைக்கிறார். கம்ரோ மனிதனை அவனிடமிருந்தே மறைக்கிறது. நாம் இட்ட திரை எத்தகையது? அத்தந்தையின் குறையை ஊரின் கண்ணிலிருந்து அது மறைக்கவில்லை, ஊர் அறிந்தேயிருந்தது. அவர் கண்ணிலிருந்துதான் மறைத்தது. தமக்கு நோய் என்று ஊரே சொல்லக் கேட்டு, அவரும் அதனை நம்பத் தொடங்கியிருந்தார். அவர் அருந்தியது அவரது அறிவை மூடிற்று. நாம் சொன்னது அதன் மேல் இரண்டாம் போர்வையாயிற்று. தாம் சொல்வது இன்னதென்று அறியாத குற்றம் அவரோடு நின்றுவிடவில்லை. ஓதிக் கொடுத்த நம்மையும் சேர்ந்தது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. மதுவுக்கு அடிமையாதல் சிகிச்சைக்குரிய ஒரு நோய் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அதனை நாம் மறுக்கவில்லை. அவ்வகையில் அச்சிறுவனின் தாய் சொன்ன பெயரும் முற்றிலும் பொய்யன்று. ஆனால் மருத்துவர் நோய் என்று சொல்வது சிகிச்சை தொடங்குவதற்காக; நாம் நோய் என்று சொன்னது பேச்சை முடிப்பதற்காக. ஒரே சொல், ஒன்று கதவைத் திறக்கிறது, மற்றொன்று சாத்துகிறது. சொல்பவரின் நோக்கமும் சொல்லின் பொருளில் ஒரு பங்கு என்பதை இங்கே உணர்ந்தோம்.

மஜ்லிஸ் நடந்த மறுவாரம், இஷாவுக்குப் பின் அவரது இல்லத்துக்குத் தனியே சென்றோம். கதவைச் சாத்திக் கொண்டு, மகன் வகுப்பில் கேட்ட கேள்வியை மட்டும் சொன்னோம். வேறு அறிவுரை எதுவும் கூறவில்லை. அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "ஹஜ்ரத், நீங்க என்ன பெயர் சொன்னீங்க?" என்று கேட்டார். "பெயர் சொல்லாமல் உட்காரச் சொன்னேன். அது என் பிழை" என்றோம். அவர் கண் கலங்கினார். சில நாள்களுக்குப் பின் மருத்துவமனைக்கு உடன் வர இயலுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார், சென்றோம். அதன் பின்னரும் அவர் ஒருமுறை தவறினார் என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். ஆனால் அம்முறை, தமக்கு நேர்ந்தது இன்னதென்று அவரே வாய்விட்டுச் சொன்னார். அந்தச் சொல்லைச் சொன்ன பின்னரே எழுந்தும் நின்றார்.

சிறுவனுக்கு நாம் தரவேண்டியிருந்த விடையை மறுநாளே தந்தோம். "உன் உம்மா சொன்னதிலும் உண்மை உண்டு, தெருவில் சொன்னதிலும் உண்மை உண்டு. உன் வாப்பாவைப் பிடித்திருப்பது கம்ர். அதனால் வந்தது நோய். நீ தெருவில் எதுவும் பேசவேண்டாம், அல்லாஹ்விடம் அதன் பெயரைச் சொல்லியே கேள்" என்றோம். அவன் தலையசைத்துவிட்டுத் தன் இடத்தில் அமர்ந்தான்.

இன்றும் ஞானப் பாடல்களை நாம் விரும்பி ஓதுகிறோம். ஓதுவதை விடவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. ஆனால் பிள்ளைகள் உடனிருந்தால், அங்கே மது என்று வருவது எது, எது அன்று என்பதை முதலில் எடுத்துரைத்துவிட்டே தொடங்குகிறோம். அவ்வாறே, ஊரில் எவரேனும் ஒருவருக்கு 'உடம்புக்குச் சரியில்லை' என்று நம்மிடம் சொல்லப்படும் போது, அது எந்த வகைச் சொல் என்று ஒரு கணம் நின்று நோக்குகிறோம். தொழுகைக்கு முன் நம்மிடம் கேட்கப்பட்டது தெளிவு. அத்தெளிவு தொழுகை விரிப்போடு முடிந்துவிடுவதன்று. சொல்வது இன்னதென்று அறிந்து சொல்லும் நாவை நம் அனைவருக்கும் அல்லாஹ் அருள்வானாக!